மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு நுண்ணுயிர்

(பதுளையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த த்வெயிட்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பங்கசு அறிஞர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பங்கசு பரவி, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி முடிந்து போயிற்று. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

இந்தக் கதையின் அடுத்த பகுதியைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும், ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே ஆட்களைக் குடும்பத்தோடு மலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா காம்பராவாக லயங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. நாம் இன்றும் குடியிருக்கும் லயத்துக்கு அத்திவாரம் போட்டதில் ஒரு பங்கசுக்கும் பங்குண்டு.

பின்னர் 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதுவும் பங்கசுதான். எனவே மலையகத்தில் நுண்ணுயிர் என்றவுடன் மருந்து அடிக்கும் நினைவுதான் முதலில் வரும். அதே நுண்ணுயிர்கள் கட்டடப் பொருளை வளர்த்துத் தரும் வேலையைப் பற்றித்தான் இன்று நான் பேசப் போகிறேன். உலகம் இதைச் செங்கல்லாகப் பார்க்கிறது. ஊவாவில் நாம் இதை முதலில் மண்ணாகப் பார்க்க வேண்டும். நம்முடைய சுவருக்கு முன்பாக, சுவரின் பின்னால் நிற்கும் வெட்டுக்கரையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். எனது கருத்து இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் நுட்பம். சீமெந்து செய்யச் சுண்ணாம்புக் கல்லைக் களியோடு சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். சுடும்போது எரிபொருளிலிருந்து வரும் புகை ஒரு பக்கம். கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்த காபனீரொட்சைட்டு வெளியேறுவது இன்னொரு பக்கம். உலகில் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 8 வீதம் சீமெந்திலிருந்து வருகிறது.

மணலைப் பிணைக்கும் வேலையைப் பக்டீரியா சூளை இல்லாமல் வேறு வழியில் செய்கிறது. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்பது மண்ணில் சாதாரணமாக வாழும் ஒரு பக்டீரியா. அதன் உடலில் யூரியேஸ் என்ற நொதியம் மிகுதியாக உண்டு. தேயிலைக்குப் போடும் அதே யூரியாவை நீரில் கரைத்துக் கொடுத்தால், இந்த நொதியம் அதை அமோனியாவாகவும் காபனேற்றாகவும் பிரித்துவிடும். அமோனியா சுற்றியுள்ள நீரைக் காரமாக்கும். அந்த நீரில் கல்சியம் இருந்தால், காபனேற்று அதைப் பிடித்துக்கொண்டு கல்சியம் காபனேற்றுப் பளிங்காகப் படியும். அதாவது சுண்ணாம்புக் கல். பளிங்கு படிவது பெரும்பாலும் பக்டீரியாவின் உடலைச் சுற்றியே. பக்டீரியா எங்கே ஒட்டியிருக்கும்? மணல் பருக்கைகள் ஒன்றையொன்று தொடும் மூலைகளில், ஈரம் தங்கும் இடுக்குகளில். பருக்கையும் பருக்கையும் சேரும் மூட்டில் பளிங்கு வளர்வதால், முழு இடைவெளியையும் நிரப்பாமலேயே மணல் இறுகிவிடுகிறது. இடையில் துவாரம் மிச்சமிருக்கும். தண்ணீர் வடிந்து போக வழி இருக்கும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவைப் பற்றிப் பேசும்போது இதுதான் முக்கியமாகப் போகிறது.

உலகில் இதை வைத்து என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் பிரான்சின் துவார் நகரத்துத் தேவாலயக் கோபுரத்தில், அரித்துப்போன சுண்ணாம்புக் கல் மீது பக்டீரியாவைத் தெளித்துப் புதிய காபனேற்றுத் தோல் வளர்த்தார்கள். அமெரிக்காவின் தென் டகோட்டாவில் வி. ராமகிருஷ்ணனும் சூக்கி பாங்கும் அவர்களது குழுவினரும் கொங்கிரீட் விரிசலை இதே வழியில் அடைத்துக் காட்டி 2001இல் எழுதினார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோன்கர்ஸ், உறங்கும் பக்டீரிய வித்திகளைக் கொங்கிரீட்டோடு கலந்து, விரிசலில் தண்ணீர் இறங்கும்போது அவை விழித்துச் சுண்ணாம்பு சுரக்கும்படி செய்தார். 2012இல் அமெரிக்காவில் ஜிஞ்சர் கிரீக் டோசியர் பயோமேசன் நிறுவனத்தைத் தொடங்கிச் சூளை இல்லாக் கல் வளர்க்க முயன்றார். பஞ்சாபின் தாப்பர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பால் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவு நீரே இந்தப் பக்டீரியாவுக்குப் போதுமான உணவு என்று 2009இல் காட்டினார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அலோக் குமாரும் கௌஷிக் விஸ்வநாதனும் இஸ்ரோவோடு சேர்ந்து, நிலவின் மண்ணைப் போன்று தயாரித்த தூளையும் யூரியாவையும் பக்டீரியாவையும் கொத்தவரை விதைப் பசையையும் கலந்து 2020இல் விண்வெளிக்கான செங்கல் செய்தார்கள். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் டிலன் ராண்டலும் மாணவர்களும் 2018இல் மனிதச் சிறுநீரிலிருந்து ஒரு செங்கல்லை வளர்த்தார்கள். அந்த ஒரு கல்லுக்கு 25 முதல் 30 லீற்றர் சிறுநீர் தேவைப்பட்டது.

நிலவுக்குக் கல் செய்வது பெரிய அறிவு. அதைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நமக்கு நிலவு தேவையில்லை. கொஸ்லந்தை தேவை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் புறப்படும் நேரம். ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து நகர்த்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதமாகப் போனது. மக்கள் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. பிறகு 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயங்களை உடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் இந்த மாவட்டம் எப்படிச் சரிந்தது என்பதை இந்த அவையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் அந்த இரவை நின்று கடந்தவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் நான் குற்றவாளியாவேன். மீரியபெத்தை போன்ற ஒரு மண்சரிவை எந்தப் பக்டீரியாவும் தடுக்காது. அங்கே அசைந்தது மேல் மண் அல்ல. பல மீட்டர் ஆழத்தில் நீர் ஏறி, மேலிருந்த சரிவு கழன்று வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மக்களை நகர்த்துவது. இரண்டு, நிலத்தடி நீரை இறக்குவது. இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கும் பதுலுசிரிகமவிலேயே மெதுவாக நகரும் ஒரு சரிவு உண்டு. ஜப்பானிய உதவியோடு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நீர் வடிப்பு வேலை செய்தது. அங்கே எதிரி தண்ணீர், மருந்து வடிகால். நுண்ணுயிரின் பெயரைச் சொல்லி, நகர வேண்டிய குடும்பங்களை நகர்த்தாமல் வைத்திருக்க யாராவது முற்பட்டால், அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நான் முதல் ஆளாக வருவேன்.

அப்படியானால் நுண்ணுயிருக்கு இங்கே என்ன வேலை? இருக்கிறது. பெரிய சரிவுகள் செய்தியாகின்றன. சிறிய சரிவுகள் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் சத்தமில்லாமல் வருகின்றன. லயத்தின் பின்சுவருக்கு நாலடி தள்ளி நிற்கும் வெட்டுக்கரையைப் பாருங்கள். மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்த மண் கானை அடைக்கும். கான் அடைத்தால் தண்ணீர் திரும்பி லயத்தின் அத்திவாரத்துக்குள் இறங்கும், அல்லது மேலே தேங்கி மண்ணுக்குள் ஊறும். அந்த ஊறலே அடுத்த சரிவுக்குத் தயாரிப்பு. தோட்டப் பாதை, குடிநீர்ப் பீலிக்குப் போகும் படி, பாடசாலை மைதானத்தின் கரை எல்லாம் இதே கதிதான். இங்கே வேண்டியது மேலிருந்து அரைச் சாண் ஆழத்துக்காவது மண் பருக்கைகள் பிடிபட்டு நிற்பது. அதே வேளை தண்ணீர் உள்ளே சிறைப்படாமல் வெளியே வருவது. வெட்டுக்கரையில் நேராகச் சீமெந்து பூசுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வடிகால் துவாரம் வைக்காமல் பூசினால், பின்னால் தேங்கும் நீர் ஒருநாள் பூச்சையும் மண்ணையும் சேர்த்தே தள்ளிவிடும். துவாரத்தை மிச்சம் வைத்து இறுகும் பொருள் என்று நான் முதலில் சொன்னதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

இந்த வழியில் உழைத்தவர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடத்தைச் சேர்ந்த சிவகுமார் கௌதமன், ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் சதோரு கவாசாகியோடும் கசுனோரி நகாஷிமாவோடும் சேர்ந்து, நெடுஞ்சாலையோரச் சரிவு மண்ணை பக்டீரியாவால் இறுக்குவதை ஆராய்ந்தார். அவர்கள் செய்த ஒரு தெரிவு எனக்கு மிகவும் பிடித்தது. கடையில் வாங்கும் பக்டீரியாவைக் கொண்டுவந்து கொட்டவில்லை. அந்தச் சரிவின் மண்ணிலேயே வாழும் பக்டீரியாக்களைத் தேடி, யூரியாவைப் பிரிக்கக்கூடியதைப் பிரித்தெடுத்தார்கள். ஹொக்கைடோவின் குளிர்ப் பிரதேசச் சரிவிலிருந்து லைசினிபசிலஸ் இனத்துப் பக்டீரியா ஒன்று கிடைத்தது. 2019இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. அந்நிய உயிரை மலையில் விடுவதில் வரும் பயம் இதில் இல்லை. அந்த மண்ணின் குளிருக்கும் ஈரத்துக்கும் அது ஏற்கெனவே பழகியது. அப்புத்தளைக் குளிரும் மொனராகலை வெயிலும் ஒரே மாகாணத்துக்குள் இருக்கும் நமக்கு இந்த வழிதான் பொருந்தும். அப்புத்தளை மண்ணுக்கு அப்புத்தளைப் பக்டீரியா; பசறைக்குப் பசறைப் பக்டீரியா.

கௌதமன் குழு அடுத்து ஆராய்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. இறுக்கிய சரிவு மண் அமில மழைக்கு எவ்வளவு தாங்கும்? கல்சியம் காபனேற்று அமிலத்தில் கரையும் என்பது பள்ளிப் பாடம். மூட்டுகளில் படிந்த பளிங்கு கரையக் கரைய மண்ணின் பிடி தளர்கிறது. படிந்த அளவு கூடுதலாக இருந்தால் தாங்கும் காலமும் கூடும்.

இப்போது நமது தேயிலை மண்ணை எண்ணிப் பாருங்கள். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண்தான் அதற்கு வாழ்வு. நமது பக்டீரியாவோ 9 அளவில், காரத்தில் நன்றாக வேலை செய்யும். ஆக, மலையில் தேயிலையும் சுண்ணாம்பு சுரக்கும் பக்டீரியாவும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுக்கும். இதற்கு அர்த்தம் இந்த முறை பயனற்றது என்பதல்ல. இதைத் தேயிலை மலைக்குள் போடக்கூடாது, வெட்டுக்கரை, பாதையோரம், கான் விளிம்பு, லயத்தின் முற்றம் ஆகியவற்றில் போட வேண்டும் என்பதுதான். போட்ட இடத்திலும் அமிலமான ஊற்றுநீர் வந்துகொண்டிருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு தடை மண்ணின் நுணுக்கம். பக்டீரியா ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு நீளம். மணலுக்குள் அது தாராளமாக நடமாடும். நமது செம்மண்ணில் களி கூடுதலாக உள்ள பகுதிகளில் துவாரம் அதைவிடச் சிறிதாக இருக்கும். பக்டீரியா வாசலிலேயே நின்றுவிடும், மேலே ஒரு தோல் மட்டும் இறுகும். சரளையும் மணலும் கலந்த சிதைந்த பாறை மண்ணில் இந்தச் சிக்கல் குறைவு. எனவே இடம் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நுணுக்கமான மண்ணுக்கு ஒரு மாற்று வழி உண்டு. பக்டீரியாவை விட்டுவிட்டு அதன் நொதியத்தை மட்டும் அனுப்புவது. நொதியம் நீரில் கரைந்து போகும். பக்டீரியா நுழையாத இடுக்கில் அது நுழையும். இந்த நொதியம் சில விதைகளிலும் நிறைய உண்டு. வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் அவரையிலிருந்துதான் ஜேம்ஸ் சம்னர் 1926இல் யூரியேஸைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். நொதியம் ஒன்றைப் பளிங்காகப் பெற்ற முதல் சம்பவம் அது. அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார். இலங்கை ஆய்வாளர் நிர்மலி தில்ருக்ஷி, அதே ஹொக்கைடோவில், வத்தகப்பழத்தின் விதையை அரைத்தெடுத்த சாற்றைக் கொண்டே மணலை இறுக்கிக் காட்டினார். பழத்தைத் தின்று துப்பும் விதை! மொனராகலைப் பக்கத்து வெயில் நிலங்களில் விளையும் பழம். சுத்திகரித்த நொதியம் மிகவும் விலை கூடியது. அரைத்துப் பிழிந்த சாறு அப்படியல்ல. பக்டீரியா வளர்க்கக் கிருமி நீக்கிய ஆய்வுகூடம் வேண்டும். விதை அரைக்க அம்மியும் வடிகட்டத் துணியும் போதும். எனக்கு இந்த வழியில்தான் அதிக நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் இரண்டு வழிக்கும் யூரியா வேண்டும். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். இரசாயனம் சொல்லும் கணக்கு நேரானது: 100 கிலோ கல்சியம் காபனேற்று படிய 60 கிலோ யூரியா வேண்டும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 1,600 கிலோ என்று வைப்போம். அதில் 5 வீதம் காபனேற்று படிய வேண்டுமானால் 80 கிலோ. அதற்கு 48 கிலோ யூரியா. கிட்டத்தட்ட ஒரு மூட்டை. லயத்துக்குப் பின்னால் பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு கரையைப் பத்து சென்ரிமீட்டர் ஆழத்துக்கு இறுக்க மூன்று கன மீட்டர் மண், மூன்று மூட்டை. வீணாகப் போவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். கல்சியத்துக்கான செலவு தனி.

2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது தோட்டங்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. செடி மஞ்சளித்தது, கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்ததால் முழு நாளுக்குப் போடும் பெயரும் குறைந்தது, சம்பளமும் குறைந்தது. யூரியா இந்த மலையில் சோற்றோடு சம்பந்தப்பட்டது. அதை எடுத்துக் கரைக்குக் கொட்டச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அதனால்தான் சிறுநீரைப் பற்றிய கேப் டவுன் ஆய்வை நான் சிறிதாக எண்ணவில்லை. தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் பல. மாட்டுக் கொட்டிலின் கோமியத்தில் யூரியா இருக்கிறது. இன்று அது கானோடு போகிறது. அதைச் சேர்த்து வைத்தால் ஒரு கரைக்கான யூரியாவில் ஒரு பகுதியையாவது அதிலிருந்து பெற முடியுமா என்பது இங்கேயே சோதிக்கக்கூடிய கேள்வி.

அமோனியாவையும் மறைக்கக்கூடாது. யூரியா பிரியும்போது காபனேற்றோடு அமோனியாவும் வரும் என்றேன். 60 கிலோ யூரியாவுக்கு 34 கிலோ அமோனியா. அது கரையிலிருந்து கசிந்து பீலித் தண்ணீரில் சேர்ந்தால் குடிநீர் கெடும். பதுளு ஓயாவிலோ உமா ஓயாவிலோ சேர்ந்தால் மீன் சாகும். தேயிலை அமோனிய வடிவ நைதரசனை விரும்பி எடுக்கும் செடி. கழுவும் நீரைத் தேயிலைக்கே திருப்பலாம் என்ற எண்ணம் எழும். நல்ல எண்ணம்தான், ஆனால் கல்சியம் குளோரைட்டைப் பாவித்தால் அந்த நீரில் குளோரைட்டு உப்பும் சேர்ந்தே வரும். முட்டை ஓட்டை வினாகிரியில் கரைத்துக் கல்சியம் எடுக்கும் முறையைச் சில நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். அதில் குளோரைட்டு இல்லை. எப்படியானாலும், பீலிக்கு மேலே உள்ள சரிவில் இதைச் செய்யவே கூடாது. இந்த விதியை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

கரையை விட்டு இனிக் கூரைக்கு வருகிறேன். இங்கே வேலை செய்வது பக்டீரியா அல்ல, காளான். மரத்தூளிலோ வைக்கோலிலோ காளான் வித்தை விட்டால், வெண்ணிற இழைகள் தூள் முழுவதையும் ஊடுருவிப் பிணைத்து ஒரே கட்டியாக்கும். அந்த நேரத்தில் அச்சில் அடைத்து வைத்து, பின்பு சூடேற்றி உயிரை நிறுத்தினால் இலேசான பலகை கிடைக்கும். அமெரிக்காவில் எபன் பேயரும் கேவின் மக்கின்ரயரும் 2007இல் தொடங்கிய இகோவேட்டிவ் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. 2014இல் நியூயோர்க்கில் 10,000 காளான் கற்களால் ஒரு கோபுரத்தை ஒரு கோடைகாலத்துக்கு நிறுத்திக் காட்டினார்கள். நமக்கு அருகே கொச்சியில், 2016ஆம் ஆண்டு கலை விழாக் காலத்தில் காளான் இழையால் மூடிய ஒரு பந்தல் எழுந்தது.

சுமை தாங்கும் சுவருக்கு இது உதவாது. சாதாரண செங்கல்லின் பலத்துக்குக் கிட்டவும் வராது. ஆனால் தகரக் கூரைக்கு அடியில் தட்டிப் பலகையாக? மாசி மாதத்து விடியற்காலையில் தகரத்தின் குளிர் நேரே நெஞ்சில் இறங்குவதையும், மழைச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடுவதையும் லயத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். வெப்பத்தையும் சத்தத்தையும் தடுப்பதில் இந்தப் பலகை நன்றாக வேலை செய்யும். நெருப்பில் குபீரென்று எரியாது, கருகும். அதன் பலவீனம் ஈரம். ஒழுகும் கூரைக்கு அடியில் இதை வைத்தால் ஒரு மழைக்காலத்தில் ஊறிப் பூசணம் பிடித்துவிடும். ஆகவே முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும்.

மூலப்பொருளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையில் விழும் கழிவுத் தேயிலையைப் பாவிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கழிவுத் தேயிலை நல்ல தூளோடு கலக்கப்படும் மோசடி இருப்பதால் அதை வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாமல் ஒரு சாக்கைத் தூக்கினாலும் வழக்கு. கவ்வாத்து வெட்டில் விழும் மிலார் குச்சிகள்தான் நமக்குச் சுலபமானவை என்று நினைக்கிறேன். அவை இன்று அடுப்புக்குப் போகின்றன. அடுப்புக்கு விறகு வேண்டும் என்ற உண்மையையும் கூடவே பார்க்க வேண்டும். சிப்பிக் காளான் வளர்க்கும் பெண்கள் இந்த மாவட்டத்தில் பலர். அறுவடை முடிந்த பையைத் தூக்கி எறியும் அவர்களுக்குத்தான், வித்து எப்போது இறுகும், எப்போது பச்சைப் பூசணம் விழும் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். எந்த ஆய்வுகூடமும் இந்த அறிவோடு தொடங்குவது நல்லது.

விரிசலைப் பற்றி ஓரிரு சொல். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்த பின்பு, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீடுகளில் வெடிப்பு விழுந்தது. தானாக ஆறும் கொங்கிரீட்டைப் பற்றிப் படித்த ஒரு மாணவர், அதை அங்கே பாவிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். முடியாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசலை பக்டீரியா அடைக்கும். அடியில் நிலமே தாழும்போது வரும் வெடிப்பு நாளைக்கு மறுபடி திறக்கும். அங்கே தேவை நீதியும் நட்டஈடும் நில அளவீடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, காணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. லயத்தில் வாழ்பவர் தான் இருக்கும் காம்பராவின் பின்கரையில் ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நிலம் அவருடையதல்ல. இந்தியாவின் உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது பெரிய மாற்றம். அது கிடைத்தவர்களின் முகத்தில் இருக்கும் நிமிர்வை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குக் காத்திருக்கும் லயங்கள் இன்னும் மலை முழுவதும் நிற்கின்றன. தன் பெயரில் உறுதி உள்ள ஒருவர் தன் கரையை வருடா வருடம் பார்த்துப் பராமரிப்பார். இல்லாதவர் துரையிடம் மனுக் கொடுத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த நுண்ணுயிரும் இந்த வேறுபாட்டைச் சரி செய்யாது. காணி உறுதிக்கான போராட்டமும் கட்டடப் பொருளுக்கான ஆராய்ச்சியும் ஒரே மேசையில் பேசப்பட வேண்டியவை.

அதற்குள் செய்யக்கூடிய ஒரு சோதனையை முன்வைக்கிறேன். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்து மாணவர்கள் அப்புத்தளை, பசறை, ஹாலிஎல ஆகிய மூன்று இடங்களின் வெட்டுக்கரை மண்ணிலிருந்து யூரியாவைப் பிரிக்கும் பக்டீரியாவைப் பிரித்தெடுக்கட்டும். பெரிய சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும், பீலிக்குக் கீழே உள்ள ஒரு கரையைத் தேர்ந்தெடுப்போம். அதை நான்காகப் பிரிப்போம். ஒன்றில் ஒன்றும் செய்யாமல் விடுவோம். ஒன்றில் மானாப்புல்லும் வெட்டிவேரும் மட்டும். ஒன்றில் புல்லோடு அந்த மண்ணின் பக்டீரியா. நான்காவதில் புல்லோடு வத்தகை விதைச் சாறு. கச்சான் காற்றில் மண் காய்ந்திருக்கும் ஓகஸ்ட் மாதத்தில் வேலையை முடிக்க வேண்டும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை அதைச் சோதிக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் கீழே தனிக் கான். கானில் விழும் மண்ணை வாரம் ஒருமுறை வாரி நிறுத்து எழுத வேண்டும். கசியும் நீரில் அமோனியாவையும் அளக்க வேண்டும். மண்ணை வாரி நிறுக்கும் வேலையைக் கரைக்கு அருகிலுள்ள லயத்தில் இருப்பவர்களுக்கே, கூலி கொடுத்து, ஒப்படைக்க வேண்டும். கான் வாரிப் பழகியவர்கள் அவர்கள். எந்த இடத்தில் மண் முதலில் இளகும் என்பது அவர்களுக்கே தெரியும். நான்கு பகுதிகளையும் ஒப்பிட்டபின், புல் மட்டுமே போதுமானதாக இருந்தது என்று முடிவு வந்தால், அதையும் அப்படியே அச்சிட்டு எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்புவோம். அடுத்த ஓகஸ்டுக்குள் ஒரு தோட்டமாவது கரையைத் தர முன்வர வேண்டும்; அதற்காகத்தான் தோட்ட முகாமையாளர்களையும் தொழிற்சங்கத்தினரையும் இன்று இங்கே அழைத்தோம்.